மிராபெல்லோ கவலோரியின் ‘கம்பளிப் பட்டறை’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், பலாட்சோ வெக்கியோ என்னும் பழைய அரண்மனையின் சின்ன அறை ஒன்றில் இந்த எண்ணெய் ஓவியம் இருக்கிறது. அச்சிலோ திரையிலோ பார்த்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சில விஷயங்கள் பேசப்பேச நீளும். அவற்றை நீளவே விட்டிருக்கிறேன்.

யார் வரைந்தது, எப்போது?

மிராபெல்லோ கவலோரி. காலம் 1570 முதல் 1572க்குள். அந்த 1572லேயே அவர் இறந்துவிட்டார். ஆகவே இது அவருடைய கடைசிப் படைப்புகளில் ஒன்று. பெரிய பெயர் எடுத்தவர் அல்ல. ஓவிய வரலாற்று நூல்களில் மிக்கேலாஞ்சலோவுக்கு ஓர் அத்தியாயம் என்றால் இவருக்கு ஒரு பத்தி கிடைக்கும். அந்தப் பத்தியும் பெரும்பாலும் இந்த ஒரு படத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். இதே அறைக்கு ‘பலிபீடத்தின் முன் லவீனியா’ என்னும் இன்னொரு படத்தையும் வரைந்தார்.

படத்தில் என்னதான் நடக்கிறது?

கம்பளித் தொழிலின் ஈர வேலை. முன்னால் ஒரு பெரிய கொப்பரை, கீழே நெருப்பு. சுற்றிலும் அரைகுறை உடையில் ஆண்கள். நீண்ட கழிகளால் உள்ளே கிடப்பதைக் கிளறுகிறார்கள், அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள், தூக்குகிறார்கள், வளைகிறார்கள். கண்ணைப் பின்னால் ஓட்டினால் ஆட்கள் சிறுத்துக்கொண்டே போகிறார்கள். அங்கே வேறு வேலைகள் நடக்கின்றன. ஒருவரும் நம்மைப் பார்த்து நிற்கவில்லை. அந்தக் காலத்து ஓவியங்களில் யாராவது ஒருவர் படத்துக்கு வெளியே திரும்பி ‘பார், பார்’ என்று நம்மை அழைப்பது வழக்கம். இங்கே அப்படி அழைக்க யாருக்கும் நேரமில்லை.

கொப்பரைக்குள் இருப்பது சாயமா, வெந்நீரா?

இரண்டு விதமாகவும் படிக்கலாம். ஆட்டின் மேலிருந்து கத்தரித்த உரோமத்தில் பிசுக்கு நிறைய இருக்கும். அதைப் போக்காமல் சிக்கெடுக்கவும் முடியாது, சாயமும் பிடிக்காது. வெந்நீரிலிட்டுக் கிளறி அலசவேண்டும். அழுக்கை நீக்க, நாள்பட்டுப் புளித்த சிறுநீரைச் சேர்ப்பது ஐரோப்பா முழுக்க இருந்த பழக்கம். அதில் உள்ள அம்மோனியாதான் சோப்பின் வேலையைச் செய்தது. படத்தில் நாற்றம் அடிக்காது என்பது இந்த அறையின் சொந்தக்காரரான இளவரசருக்கு ஒரு வசதி.

சாயமிடுவதற்கும் இதே கொப்பரை, இதே கழி, இதே நெருப்புதான். மஞ்சிட்டி வகையைச் சேர்ந்த செடியின் வேர் சிவப்புக்கு, வோட் என்னும் செடியின் இலை நீலத்துக்கு, கெர்மிஸ் பூச்சி விலையுயர்ந்த செந்நிறத்துக்கு. சாயம் நிலைக்கப் படிகாரம் வேண்டும். அந்தப் படிகாரத்துக்காகப் போரே நடந்தது: 1472ல் வோல்தெர்ரா ஊரின் படிகாரச் சுரங்க விவகாரம் முற்றி, புளோரன்ஸின் படை அந்த ஊரைச் சூறையாடியது. புளோரன்ஸில் ஓடும் ஆர்னோ ஆற்றின் தென்கரையில் ‘கொப்பரைகளின் தெரு’ என்று பொருள்படும் பெயரோடு ஒரு தெரு இன்றும் இருக்கிறது. கவலோரி நடந்துபோய்ப் பார்க்கும் தூரத்தில்தான் இந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

மானரிசம் என்று இதை ஏன் சொல்கிறார்கள்?

ஏறக்குறைய 1520 முதல் 1600 வரை இத்தாலியில் ஓங்கியிருந்த பாணிக்குப் பின்னாளில் வைத்த பெயர் அது. ரஃபேலும் லியோனார்டோவும் சமநிலையை எட்டிவிட்டார்கள். அடுத்து வந்தவர்கள் அந்தச் சமநிலையை வேண்டுமென்றே குலைத்தார்கள். உடல் நீளும், இடுப்பு ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் திரும்பும், இடம் நெரியும், நிறம் இயல்பிலிருந்து விலகும். பொன்டோர்மோ, ரோஸோ, புரொன்சினோ ஆகியோர் இதன் முன்னணிப் பெயர்கள்.

கவலோரி இந்த மரபின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவர். அவர் காலத்து அரண்மனை ஓவியர்கள் பலர் பீங்கான் போலப் பளபளக்கும் உடல்களை வரைந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவரோ பின்னோக்கிப் போய்ப் பொன்டோர்மோவையும் அந்திரேயா தெல் சார்தோவையும் படித்தார். இந்தப் படத்தில் வெளிச்சம் விழுகிற விதம் அதனால்தான் வேறாக இருக்கிறது. உருவங்கள் மானரிசத்தவை, அவற்றின் மேல் படும் வெளிச்சம் மட்டும் கண்ணால் பார்த்து வரைந்தது போல இருக்கிறது.

பட்டறையில் வேலை செய்கிறவர் இப்படியா உடம்பை முறுக்கிக்கொண்டு நிற்பார்?

முழுக்க இல்லை. ஆனால் இந்த முறுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது சுவாரஸ்யம். இந்த அறைக்கு அடுத்தாற்போல இருக்கும் மாபெரும் அரங்கம் ‘ஐந்நூற்றுவர் மண்டபம்’. அதன் சுவருக்காகத்தான் மிக்கேலாஞ்சலோ 1504ஆம் ஆண்டுவாக்கில் ‘காஷினா போர்’ என்னும் ஓவியத்துக்கு முழு அளவு வரைவு தயாரித்தார். ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த வீரர்கள் எதிரி வருகிறான் என்று கேட்டதும் அவசர அவசரமாகக் கரையேறுகிறார்கள்: ஒருவன் குனிகிறான், ஒருவன் திரும்புகிறான், ஒருவன் ஈரக்காலில் துணியை இழுத்து மாட்டுகிறான். சுவரில் ஓவியம் எழவே இல்லை. வரைவை மட்டும் ஓவியர்கள் பார்த்துப் பார்த்துப் பிரதியெடுத்தார்கள். காலப்போக்கில் அது துண்டு துண்டாகி மறைந்தும் போனது.

அதற்குப் பின் வந்த புளோரன்ஸ் ஓவியர்களுக்கு அந்த வரைவு ஓர் அகராதி மாதிரி. கம்பளிக்காரர்களின் முதுகும் தொடையும் அந்த வீரர்களின் வம்சம்தான். ஆனால் ஒன்று: கனமான ஈரக் கம்பளியைக் கழியால் புரட்டும்போது இடுப்பு திரும்பத்தான் செய்யும். எடை இருக்கும் இடத்தில் மானரிசத்தின் முறுக்கு பொய்யாகத் தெரிவதில்லை. கவலோரியின் சாமர்த்தியமே அங்கேதான் இருக்கிறது. மற்றவர்கள் அழகுக்காகத் திருப்பிய உடலுக்கு அவர் ஒரு காரணம் கொடுத்துவிட்டார்.

இளவரசரின் அறையில் கம்பளித் தொழிலாளிக்கு என்ன வேலை?

இந்த அறைக்கு ஸ்டுடியோலோ என்று பெயர். படிப்பறை, சேமிப்பறை, ஒதுங்கும் இடம் மூன்றும் சேர்ந்தது. புளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்து இளவரசர் பிரான்செஸ்கோ தெ மெடிச்சிக்காக 1570ல் வேலை தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 29. தந்தை கோசிமோ உயிரோடிருக்கும்போதே ஆட்சிப் பொறுப்பு இவர் கைக்கு வந்திருந்தது. ஆட்சியில் இருந்த ஆர்வத்தைவிடக் கண்ணாடி உருக்குவதிலும் ரசவாதத்திலும் சீனப் பீங்கானைப் போலச் செய்து பார்ப்பதிலும் இவருக்கு ஆர்வம் அதிகம்.

அறையின் திட்டத்தைத் தீட்டியவர் வின்சென்சோ போர்கினி என்னும் அறிஞர். ஓவியர்களை மேய்த்தவர் ஜார்ஜோ வசாரி, அவரும் ஓர் ஓவியர். சன்னல் இல்லாத, வில்வளைவுக் கூரை போட்ட அறை. மண், நீர், தீ, காற்று என நான்கு பூதங்களுக்கும் ஒவ்வொரு பக்கம். கூரையின் நடுவில், இயற்கையிடமிருந்து மணிக்கல்லைப் பெறும் கிரேக்கப் புராண நாயகன் புரொமீத்தியஸ். மாடங்களில் எட்டு வெண்கலச் சிலைகள். சுவர்களில் முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள், இரண்டு வரிசையாக. கீழ்வரிசைப் படங்கள் உண்மையில் அலமாரிக் கதவுகள். முத்து, கல், உலோகம், அரிய மருந்து எனப் பூமி தருவதையும் மனிதன் செய்வதையும் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

அதனால் படங்களில் பாதி புராணம், பாதி தொழில். கண்ணாடி ஊதுகிறவர்களைப் புத்தேரி வரைந்தார். பொற்கொல்லர் பட்டறையை அலெசாந்த்ரோ ஃபேய். வார்ப்படச் சாலையை போப்பி. வைரச் சுரங்கத்தை மாஸோ தா சான் ஃபிரியானோ. கம்பளிப் பட்டறை இந்தக் கூட்டத்தில் ஒன்று. இயற்கை கொடுத்ததை மனிதக் கை எப்படி மாற்றுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டாக அது அங்கே வந்தது.

புளோரன்ஸ் என்றால் ஓவியமும் சிற்பமும் அல்லவா? கம்பளி எங்கே வந்தது?

ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் பணம் கொடுத்ததே கம்பளிதான். ஜொவான்னி வில்லானி என்னும் வரலாற்றாசிரியர் 1338ஆம் ஆண்டு நிலவரத்தைப் பதிந்திருக்கிறார்: 200க்கும் மேற்பட்ட பட்டறைகள், ஆண்டுக்கு 70,000 முதல் 80,000 துணிகள், அவற்றின் மதிப்பு 12 லட்சம் பொற்காசுக்கு மேல், இதை நம்பிப் பிழைத்தவர்கள் 30,000 பேருக்கும் அதிகம். கணக்கில் கொஞ்சம் ஊர்ப்பெருமை கலந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் பெரிய தொகைதான்.

கம்பளி முதலாளிகளின் சங்கம் நகரின் பெரிய சங்கங்களில் ஒன்று. அதன் சின்னம் கொடி ஏந்திய ஆட்டுக்குட்டி. பெரிய தேவாலயத்தைக் கட்டும் பொறுப்பே 1331ல் இவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து பார்க்கும் புரூனலெஸ்கியின் குவிமாடம் இவர்கள் மேற்பார்வையில் எழுந்தது. கவலோரி வரைந்த காலத்தில் தொழில் மீண்டும் ஒரு முறை தலைதூக்கியிருந்தது. 1570களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 30,000 துணிகளுக்கு மேல் உற்பத்தியானது. அதன் பிறகு சரிவுதான்.

படத்தில் உள்ளவர்களைப் போன்ற தொழிலாளிகள் எப்படி வாழ்ந்தார்கள்?

சங்கம் என்றது முதலாளிகளின் சங்கம். உரோமத்தை அடிக்கிறவர், அலசுகிறவர், சிக்கெடுக்கிறவர் இவர்களில் யாரும் அதில் உறுப்பினர் ஆக முடியாது. தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொள்ளவும் கூடாது. தவறு செய்தால் தண்டிக்க முதலாளிகளின் சங்கமே வெளியூரிலிருந்து ஓர் அதிகாரியைக் கொண்டுவந்து வைத்திருந்தது. 1345ல் சூத்தோ பிராந்தீனி என்னும் கம்பளித் தொழிலாளி சக தொழிலாளர்களைக் கூட்டி அமைப்பாகத் திரட்டப் பார்த்தார். இரவோடு இரவாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். தோழர்கள் வேலையை நிறுத்திவிட்டு அவரை விடச்சொல்லிக் கேட்டார்கள். அவரைத் தூக்கிலிட்டார்கள்.

33 ஆண்டு கழித்து வெடித்தது. சோம்ப்பி கிளர்ச்சி என்று வரலாறு சொல்வது அதைத்தான். சோம்ப்பி என்பது கூலிக் கம்பளித் தொழிலாளிகளுக்கு ஊரில் இருந்த பெயர். 1378 ஜூலையில் அவர்கள் திரண்டு வந்து அரசு மாளிகையையே கைப்பற்றினார்கள். மிக்கேலே தி லாந்தோ என்னும் கம்பளிக்காரர் நகரின் தலைமைப் பதவியில் அமர்ந்தார். சாயக்காரர்களுக்கு ஒன்று, சட்டை தைப்பவர்கள் முதலியோருக்கு ஒன்று, கூலித் தொழிலாளிகளுக்கு ஒன்று எனப் புதிதாக மூன்று சங்கங்கள் பிறந்தன. ஐரோப்பாவில் கூலிக்காரர்கள் அரசாங்கத்தில் பங்கு கேட்டுப் பெற்ற அபூர்வமான சில வாரங்கள் அவை.

வாரங்கள்தான். ஆகஸ்ட் முடிவதற்குள் மாளிகைக்கு முன்னாலுள்ள சதுக்கத்திலேயே தொழிலாளிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். நொறுக்கியவர்கள் பக்கம் மிக்கேலே தி லாந்தோவும் இருந்தார் என்பதுதான் கசப்பு. கூலித் தொழிலாளிகளின் சங்கம் உடனே கலைக்கப்பட்டது. மற்ற இரண்டும் 1382ல் போயின.

அவர்கள் கைப்பற்றிய அந்த அரசு மாளிகை எது தெரியுமா? இதே பலாட்சோ வெக்கியோ. கம்பளித் தொழிலாளிகள் கதவை மோதித் திறந்து உள்ளே வந்த கட்டடத்துக்குள், 192 ஆண்டு கழித்து, அவர்களுடைய வேலை படமாக வந்து சேர்ந்தது. இதைத் தெரிந்துகொண்ட பின் என்னால் இந்த ஓவியத்தை வெறும் அலங்காரமாகப் பார்க்க முடியவில்லை. கிளர்ச்சி நடந்த ஆண்டில் அதற்குத் திரி கொளுத்திய அரசியல்வாதிகளில் ஒருவர் சல்வெஸ்த்ரோ தெ மெடிச்சி, பிரான்செஸ்கோவின் குலத்தவர், என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இது உழைப்பாளியைப் போற்றும் படமா?

உழைப்பைப் போற்றுகிறது. உழைப்பாளியை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படத்தில் களைப்பு உண்டா என்று தேடிப் பாருங்கள். முதுகு அழகாக இருக்கிறது, வலிப்பதாகத் தெரியவில்லை. கொதிநீரில் வெந்த கை இல்லை, இருமல் இல்லை, கூலி கொடுக்கிறவரும் இல்லை. மன்னரின் தொழில்வளத்துக்குச் சாட்சியாக, வரிசையில் வைத்த பொருள்களோடு பொருளாக அவர்கள் நிற்கிறார்கள். முத்து ஓர் அலமாரியில், கம்பளிக்காரர் ஒரு சுவரில்.

ஆனால் கவலோரியை முழுக்க அந்தக் கணக்கில் எழுதிவிடவும் மனம் ஒப்பவில்லை. இந்த அறையில் உள்ள மற்றத் தொழில் படங்கள் சிலவற்றில் கண் முதலில் போவது பொருளிடம்: கிரீடம், கண்ணாடிக் குவளை, வைரப் பாறை. இங்கே துணியே கண்ணில் நிற்பதில்லை. அதைச் செய்கிறவர்கள் நிற்கிறார்கள்.

வரைந்தவரும் கையால் உழைக்கிறவர்தானே?

அதைத்தான் மறுக்க அப்போது ஓவியர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். புளோரன்ஸ் ஓவியர்கள் நெடுங்காலம் மருத்துவர், மருந்துக் கடைக்காரர் சங்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள். நிறமிகளை மருந்துக் கடையில் வாங்கியது அதற்கு ஒரு காரணம். 1563ல் வசாரியின் முயற்சியால் ஓவியக் கலைக்கழகம் தோன்றியது. 1571ல் அதன் உறுப்பினர்களைத் தொழிற்சங்கக் கட்டுப்பாட்டிலிருந்து கோசிமோ விடுவித்தார். கையை நம்பிய தொழில் அல்ல, அறிவின் கலை என்று அரசே ஒப்புக்கொண்டது. சரியாக அதே ஆண்டுகளில்தான் கவலோரி கொப்பரைக்காரர்களை வரைந்தார். இதில் அவர் ஏதாவது நினைத்தாரா என்று எழுதி வைக்கவில்லை.

பெண்கள் ஏன் இல்லை?

முன்னால் நிற்கும் கூட்டம் ஆண்களுடையது. உண்மைத் தொழிலில் நூல் நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதுவும் பட்டறையில் அல்ல, வீட்டிலும் சுற்றுக் கிராமங்களிலும். தரகர் உரோமத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து நூலை வாங்கி வருவார். கதிர் சுற்றும் கிராமத்துப் பெண்ணிடம் மிக்கேலாஞ்சலோ தசை கிடையாது. அதனால் இளவரசர் அறைக்கு அழைப்பும் இல்லை.

எண்ணெய் வண்ணம் எதற்கு? சுவரோவியம் போதாதா?

சின்ன அறை, விளக்கொளி, அருகிலிருந்து பார்க்கும் கண். ஈரச் சுண்ணத்தில் அவசரமாக வரையும் சுவரோவியம் தூரத்துக்கானது. எண்ணெய் மெதுவாகக் காயும். நெருப்பின் சிவப்பைத் தோலின் நிறத்தில் கரைக்க அவகாசம் கிடைக்கும். இந்த அறையில் அல்லோரி, ஸ்த்ரதானோ என்னும் ஓவியர்கள் மரத்துக்குப் பதில் கரும்பலகைக் கல்லின் மேலேயே எண்ணெயில் வரைந்தார்கள். கல் வளையாது, கரிய தளத்தின் மேல் வண்ணத்துக்கு ஓர் ஆழமும் வரும்.

அதே அறையில் முத்துக் குளிப்பவர் படம் இருக்கிறதாமே. நம் மன்னார்க் கடலா?

அலெசாந்த்ரோ அல்லோரியின் ‘முத்துக் குளிப்பு’ அங்கே இருக்கிறது. மன்னார்க் கடல் அல்ல. எந்தக் கடலும் அல்ல. பாறைமேல் சாய்ந்தும் படகில் தொற்றியும் நிர்வாண உருவங்கள் உல்லாசமாக இருக்கின்றன. அதே நூற்றாண்டில் மன்னார் வளைகுடாவில் பரதவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, கயிற்றை மேலே இருக்கிறவர் கையில் கொடுத்துவிட்டு, மூச்சடக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அல்லோரிக்கு அந்தக் கயிறு தெரிந்திருக்க வழியில்லை. கவலோரியின் படம் இதைவிட எனக்குப் பிடிப்பதற்கு இதுவும் காரணம்: அவர் பார்த்த தொழில் அவர் ஊரில் இருந்தது.

ஓவியம் எப்போதும் இந்த அறையிலேயே இருந்ததா?

இல்லை. பிரான்செஸ்கோ 1587ல் இறந்தார். அதற்கு முன்பே அவர் சேகரிப்புகள் உஃபிட்சி மாளிகைக்கு இடம்பெயரத் தொடங்கியிருந்தன. சில ஆண்டுகளில் ஸ்டுடியோலோ கலைக்கப்பட்டு, படங்கள் பிரிந்தன. 1910ல்தான் அவற்றைத் தேடிச் சேர்த்து அறையை மறுபடி அமைத்தார்கள். எந்தப் படம் எந்த இடத்தில் இருந்தது என்பதற்குப் போர்கினி வசாரிக்கு எழுதிய கடிதங்களே பெரிய துணை. இன்றைய வரிசை அப்படியே பழைய வரிசை என்று அடித்துச் சொல்ல முடியாது.

நேரில் பார்க்க முடியுமா?

முடியும். பலாட்சோ வெக்கியோ இன்றும் நகராட்சி அலுவலகம்; ஒரு பகுதி அருங்காட்சியகம். ஐந்நூற்றுவர் மண்டபத்தின் ஓரத்தில் ஸ்டுடியோலோவின் வாசல் இருக்கிறது. அங்கிருந்து எட்டிப் பார்க்கலாம். நன்றாகப் பார்க்க விரும்பினால் வழிகாட்டியோடு உள்ளே அழைத்துப்போகும் சுற்றில் சேர்வது நல்லது. வாசலில் நின்று பார்த்தால் மேல்வரிசைப் படங்கள் கழுத்தைச் சோதிக்கும். மண்டபத்தின் பிரமாண்டத்தைப் பார்த்துவிட்டு இந்த அறையை அலட்சியமாகக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

இதைப் பார்த்த பின் எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

அதே அறையில் ஸ்த்ரதானோ 1570ல் வரைந்த ‘ரசவாதியின் பட்டறை’. ஓவியர் புரூஜஸ் நகரில் பிறந்து புளோரன்ஸில் குடியேறியவர். காய்ச்சி வடிக்கும் வாலைகள், உலைகள், உரல், பிழிபொறி என அறை முழுக்கக் கருவிகள். உதவியாளர்கள் ஆளுக்கொரு வேலையாக இருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடி அணிந்த மூத்தவர் உட்கார்ந்து கட்டளையிட, அவர் சொல்படி முன்னால் ஒருவர் அடுப்பின் மேலுள்ள பாத்திரத்தைக் கிளறுகிறார். கிளறுகிறவர் பிரான்செஸ்கோவேதான். கம்பளிக்காரர்களின் கொப்பரையைப் பார்த்த கையோடு இந்தப் பாத்திரத்தைப் பாருங்கள். அங்கே கிளறுகிற ஒருவருக்கும் பெயரில்லை. இங்கே கிளறுகிறவர் யார் என்பது பார்த்தவுடனே தெரியவேண்டும் என்று ஓவியர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.